நாற்பத்தொரு சாட்சிகள்

என் தாய்மாமாவைப் பழிவாங்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது என் கணவர் இறந்த அன்று இல்லை. அதற்கு மூன்று மாதம் கழித்து, எங்கள் வீட்டுக் கொல்லைக்கு டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்று மாமா வந்து நின்றாரே, அன்றுதான்.

காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு சின்ன லாரி, அதில் டைல்ஸ் பெட்டிகள். மாமா நேராகக் கொல்லைக்குப் போய், துணி துவைக்கும் மேடை, படிக்கட்டு, குழாயடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாமே ஆறங்குலச் சதுரக் கற்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதித்தவை. இந்தப் பழைய கல்லை எல்லாம் பெயர்த்து நானே எடுத்துப் போய்விடுகிறேன், வியாழக்கிழமை ஆள் வரும், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை, கல் வாங்கிய எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் செய்கிறேன் என்றார் மாமா.

என் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, துணியை அலசிக்கொண்டே கேட்டாள்: "மகன் போன வீட்டுக்கு டைல்ஸ் எதுக்குங்க? வழுக்கி விழுந்து நானும் போறதுக்கா?"

மாமா சிரித்தார். அவர் சிரித்தால் ஊரே சிரிக்கும், அப்படி ஒரு முகம். ஆனால் அன்று அவர் கண் சிரிக்கவில்லை. மேடையின் ஓரத்தில் இருந்த ஒரு கல்லின் மேல் காலை வைத்து, அதில் கீறியிருந்த எழுத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அந்த எழுத்து என் கையெழுத்து.

அதைப் புரியவைக்க எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மாமா வைத்திருப்பது கான்கிரீட் சோதனைக்கூடம். பெரிய கட்டடம் எழும்பும்போது, அங்கே கொட்டுகிற கலவையிலிருந்தே கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் ஊற்றி ஆறங்குலக் கட்டியாக வார்ப்பார்கள். அதற்கு கியூப் என்று பெயர். இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மிஷினில் வைத்து அமுக்கி, எத்தனை டன்னில் உடைகிறது என்று பார்ப்பார்கள். கியூப் தாங்கினால் கட்டடமும் தாங்கும் என்று கணக்கு. ஒரு செட்டுக்கு ஆறு கியூப். மூன்றை உடைக்க வேண்டும், மூன்றை உடைக்காமல் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். பின்னால் ஏதாவது வழக்கு வந்தால் எடுத்துக் காட்ட. அவை சாட்சிக் கியூப்.

அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவர் மாமா. படிக்க வைத்து, தன் கூடத்திலேயே வேலையும் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே எனக்கு ஒரு ரகசிய மொழி கற்றுக்கொடுத்தார்கள். சைட்டிலிருந்து நிஜமாக வருகிற கியூப்புக்கு ஓட்டல் சாப்பாடு என்று பெயர். எங்கள் பின்கட்டு ஷெட்டில், நல்ல கருங்கல் ஜல்லியும் இரண்டு பங்கு சிமெண்டும் போட்டு நாங்களே வார்த்து, சைட்டிலிருந்து வந்ததாகச் சொல்லி உடைக்கிற கியூப்புக்கு வீட்டுச் சமையல். வருடம் போகப்போக ஓட்டல் சாப்பாடு வருவது நின்றே போனது. சமையல்காரி நான். கலவையை அச்சில் தட்டி, மேல்புறத்தைக் கரண்டியால் மெழுகி, ஈரம் காயும் முன் ஆணியால் சைட் எண்ணையும் தேதியையும் கீறுவேன்.

இது தப்பில்லையா என்று ஒரே ஒரு தரம் கேட்டேன். சைட்டில் இருப்பவனுக்கு கியூப் ஒழுங்காக வார்க்கத் தெரியாது, கட்டடம் நன்றாகத்தான் இருக்கும், பேப்பர்தான் நோகும், அந்தப் பேப்பருக்குத்தான் நாம் வைத்தியம் செய்கிறோம் என்றார் மாமா. நான் நம்பினேன். எனக்குச் சோறு போட்ட கை அது. அந்தக் கையைச் சந்தேகிக்க எனக்குத் தெரியவில்லை.

என் கணவரையும் எனக்குக் கொடுத்தது அந்த ஷெட்தான். கியூப் ஊறவைக்கும் தொட்டி கசிகிறது என்று ஒரு பிளம்பரைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேர வேலை. அந்த மனிதர் மூன்று நாள் வந்தார். மூன்றாவது நாள் மாமா அவரைப் பார்த்து, "தம்பி, தொட்டி நேத்தே சரியாயிடுச்சு. உனக்கு என்ன கசியுது?" என்று கேட்டார். அடுத்த மாதம் கல்யாணம். எங்களுக்கு வீடு கட்ட, ஷெட்டில் குவிந்து கிடந்த சாட்சிக் கியூப்புகளை மாமாதான் லாரியில் அனுப்பினார். அவருக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. ஊரிலேயே கெட்டியான கல், உடைத்துக் குப்பையில் போட மனம் வருமா? கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். டீக்கடை பெஞ்சுக்கு, தையல்காரர் மிஷினுக்கு, யார் வீட்டு அடுப்பு மேடைக்கோ. கொடுத்துக் கொடுத்தே நல்ல பெயர் எடுத்தவர்.

என் கணவர் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியில். அதன் புதுப் பிரசவப் பிரிவு திறந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்துகிற ஒரு வங்கியின் கடன், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வேலை. இரண்டாம் மாடி நடைபாதையின் கூரை ஒரு மத்தியான நேரத்தில் அப்படியே இறங்கியது. பதினொரு பேர். குழந்தை பெற்று மூன்று நாள் ஆன இரண்டு பெண்கள், ஒரு நர்ஸ், பார்க்க வந்தவர்கள், ஏணியில் நின்று குழாயை மாற்றிக்கொண்டிருந்த என் கணவர்.

விசாரணைக் குழுவின் அறிக்கை ஆறே வாரத்தில் வந்தது. கான்கிரீட் தரமானது, சோதனைக்கூடச் சான்று இருக்கிறது. தண்ணீர்க் குழாய் கசிந்து கசிந்து கூரை பலவீனமாகியது. காரணம், பராமரிப்புப் பணியாளரின் அலட்சியம். கீழே என் கணவரின் பெயர், முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவர் மாமா. போய்க் கேட்டபோது அழுதார். செத்தவனுக்கு நல்ல பெயர் என்ன, கெட்ட பெயர் என்ன, இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டாமா என்றார்.

மற்ற பத்து குடும்பங்களும் எங்களைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போயின. நர்ஸின் அம்மா என் முன்னால் துப்பினாள். அத்தை வெளியே போவதையே நிறுத்திக்கொண்டாள். தினமும் சாயந்திரம் என்னிடம் ஒரே வாக்கியம்: "படிச்சவ நீ. அந்தக் காகிதத்துல இருந்து என் பிள்ளை பேரை எடு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம்பினேன். ஏதோ ஒரு குழாய் இணைப்பை அவர் சரியாக முறுக்காமல் விட்டிருப்பாரோ, அவசரத்தில் மறந்திருப்பாரோ என்று படுக்கையில் கிடந்து அவரையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன். மாமாவை நான் மன்னிக்காமல் போனது இந்த இடத்தில்தான். கொன்றதற்குக்கூட மனிதனுக்குப் பேராசை என்று ஒரு காரணம் இருக்கும். என் புருஷன் மேல் என்னையே சந்தேகப்பட வைத்தாரே, அதற்கு என்ன காரணம்?

டைல்ஸ் லாரி போன பிறகு நான் கொல்லையில் உட்கார்ந்தேன். மாமா காலால் மறைத்த எழுத்தைப் பார்த்தேன். ம-12. ஆஸ்பத்திரியின் எண். சுத்தியலும் உளியும் எடுத்து அந்த ஒரு கல்லைப் பெயர்த்தேன். உடைக்க அரைமணி நேரம் ஆயிற்று, அவ்வளவு கெட்டி. உள்ளே பளபளவென்று கருங்கல் ஜல்லி.

ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடிபாட்டைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள், ஆனால் ஒரு மூலை திறந்திருந்தது. கையில் அகப்பட்ட ஒரு கட்டியை எடுத்தேன். வழவழப்பான கூழாங்கல். கழுவாத ஆற்று மணல், நடுவில் ஒரு மரச் செத்தை. கட்டை விரலால் அழுத்தினேன். உதிர்ந்தது. காய்ந்த பிஸ்கட் மாதிரி.

குழாய் கசிந்தால் கருங்கல் கூழாங்கல் ஆகாது. மாமா ஏன் ஊரெல்லாம் டைல்ஸ் கொடுக்கிறார் என்று அங்கே நின்றுகொண்டே புரிந்தது. கூடத்து டைப்பிஸ்ட் சொல்லியிருந்தாள், கடன் கொடுத்த வங்கியிலிருந்து விசாரிக்க ஆள் வரப்போகிறது என்று. அவர்கள் கையில் இந்த இரண்டு கல்லும் ஒன்றாகச் சேர்ந்தால் தீர்ந்தது. இடிபாட்டை மாமாவால் ஒளிக்க முடியாது. கியூப்பை ஒளிக்கலாம்.

வீட்டுக்கு வந்து அத்தையின் முன்னால் இரண்டு துண்டையும் வைத்தேன். எல்லாம் சொன்னேன். வீட்டுச் சமையல் பற்றியும் சொன்னேன்.

"வார்த்தது யாரு?" என்றாள்.

"நான்தான் அத்தை."

அவள் எழுந்து போய்த் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி வைத்தாள். மூன்று நாள் அப்படித்தான் போனது. ஒரே அடுப்பில் இரண்டு சமையல். என் துணியை விட்டுவிட்டுத் தன் துணியை மட்டும் கொடியிலிருந்து எடுத்தாள். நான் அதைத் தாங்கிக்கொண்டேன், தாங்காமல் வேறு எங்கே போவது?

நான்காம் நாள், புதன்கிழமை, என் தட்டிலும் சோற்றைப் போட்டாள். "உன் கையை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். ஆனா நாளைக்கு லாரி வரும். அதுக்கு முன்னாடி அந்தக் கையாலேயே அவன் கழுத்தைப் பிடி."

முதலில் நர்ஸின் அம்மா வீட்டுக்குப் போனோம். அவள் அடுப்பு மேடை நான்கு கியூப் மேல் நிற்பது எனக்குத் தெரியும். கதவைத் திறந்தவள் அத்தையைப் பார்த்ததும் சாத்தப் போனாள். அத்தை காலை உள்ளே வைத்துவிட்டாள். நான் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் திரும்பித் தன் அடுப்பைப் பார்த்தாள். "என் பொண்ணைக் கொன்ன கல்லு மேலயா நான் இத்தனை நாள் சமைச்சேன்?"

"இல்லம்மா. இந்தக் கல்லுல கட்டியிருந்தா உங்க பொண்ணு இருந்திருப்பா."

அவள் அடுப்பை இறக்கி வைத்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு மற்ற ஒன்பது வீட்டுக்கும் அவளே முன்னால் நடந்தாள்.

ஒரு கியூப் எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தலையில் வைத்தால் குத்தும், கையில் தூக்கினால் நழுவும். பெண்கள் இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். முந்தானையால் சுற்றி, ஒரு கையால் அணைத்து, ஒரு வயதுக் குழந்தையைத் தூக்குவது போல. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அப்படி வரிசையாகத் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எல்லோரும் கொடுத்துவிடவில்லை. டீக்கடைக்காரர் முடியவே முடியாது என்றார். கடை வைத்துக் கொடுத்ததே மாமாதானாம், அவருக்குத் துரோகம் செய்ய மாட்டாராம். நர்ஸின் அம்மா அவர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடை திறந்ததிலிருந்து மூடும் வரை, டீ சொல்லாமல், மகளின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு. மாமாவின் ஆள் லாரியோடு வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் டீக்கடைக்காரர் அவரே பெஞ்சைக் கவிழ்த்து ஆறு கியூப்பையும் எடுத்துக் கொடுத்தார். வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த லாரியை அத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்; கொல்லைக் கற்களைக் கடைசியில்தான் பெயர்த்தோம். அத்தை பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றும் தன் பிள்ளை எந்த மாதம் பதித்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்னறையில் எல்லாவற்றையும் அடுக்கினோம். ம-12 எண்ணில் நாற்பத்தொன்று. வேறு சைட்டுகள் நிறைய. அவற்றில் ஒன்பது, கப்பல் வேலை.

அது மாமா வைத்த பெயர். சில எண்களுக்கு முன்னால் 'க' என்று கீறச் சொல்வார். கடல் தாண்டிய வேலை, அதே வெளிநாட்டுக் கம்பெனி நம்மை நம்பி அனுப்புகிறது என்பார். கடல் தாண்டி ஒரு பிடி மணல்கூட வந்ததில்லை. அதையும் நான்தான் சமைத்தேன்.

வங்கியின் விசாரணை அதிகாரி ஊருக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. கூட வந்த மொழிபெயர்ப்பாளர், செய்தி வாசிப்பது போலப் பேசினாள். "தங்களின் இழப்பிற்கு எமது ஆழ்ந்த இரங்கல்" என்று அவள் ஆரம்பித்ததும் அத்தை என் காதைக் கடித்தாள்: "இந்தப் பொண்ணு பேசறது புரிய எனக்கு இன்னொரு ஆள் வேணும் போல."

அதிகாரி முதலில் தன் அதிகாரத்தின் எல்லையைச் சொன்னார். வங்கி யாரையும் ஜெயிலில் போடாது. ஆனால் திருடிய கம்பெனியைத் தள்ளிவைக்கும். ஒரு வங்கி தள்ளிவைத்தால் மற்றப் பெரிய வங்கிகளும் தள்ளிவைப்பது என்று தங்களுக்குள் ஒப்பந்தம். அப்புறம் உலகத்தில் எந்தப் பொது வேலையும் அதற்குச் சுலபத்தில் கிடைக்காது. அதற்கு ஆதாரம் வேண்டும். இந்தக் கம்பெனி நான்கு நாடுகளில் கட்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் மக்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள், எல்லா இடத்திலும் சான்று சுத்தமாக இருக்கிறது.

நான் க-5 என்று கீறிய கியூப்பைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். அவர் தன் பையிலிருந்த சான்றுப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு யாருக்கோ போன் செய்தார்.

போன் திரையில் தெரிந்தவர் வேறு நாட்டுப் பள்ளிக்கூட வாத்தியார். பின்னால் சுவருக்கு முட்டுக்கொடுத்த மரங்கள், அதற்கும் பின்னால் தார்ப்பாயின் கீழே பிள்ளைகள். இரண்டு வருடமாக அப்படித்தானாம். உள்ளே போனால் சுவர் விழும், ஆனால் அந்தச் சுவர் கட்டிய கடனை அவர் நாடு இன்னும் இருபது வருடம் கட்ட வேண்டும். இன்னொரு நாட்டில் பாசனக் கால்வாய் முதல் தண்ணீரிலேயே கரைந்து, மூன்று போகம் போய்விட்டதாம். வாத்தியார் சுவரிலிருந்து ஒரு கட்டியைப் பிடுங்கி, கேமராவின் முன் கையை மூடித் திறந்தார். தூள். எங்களிடம் இருப்பது இடிபாடு மட்டும்தான், இதை வைத்து என்ன நிரூபிக்க முடியும் என்று கேட்டார். நான் என் கியூப்பை உயர்த்தி, அதன் எண்ணைக் காட்டினேன். அவருடைய பள்ளிக்கூடத்துச் சான்றில் இருந்த எண்.

அவர் இதை யார் செய்தது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கினாள். "நான் செஞ்சேன்னு சொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தை அவர் மொழியில் போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. பத்திரமாக வைத்திருங்கள் என்று மட்டும் சொன்னார். துப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மாமா வந்தார். தனியாக, லாரி இல்லாமல். முன்னறையில் அடுக்கியிருந்ததைப் பார்த்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். என் சின்ன வயதுக் கதையெல்லாம் சொன்னார். எனக்கு அம்மை போட்டபோது மாமி பதினைந்து நாள் தூங்காததை, என் காலேஜ் பீஸ் கட்ட அவர் ஸ்கூட்டரை விற்றதை. எல்லாம் உண்மை.  பிறகு குரல் மாறியது.

"பாப்பா, நான் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தவன். வார்த்தவ நீ. தேதி கீறினவ நீ. ஒவ்வொரு கல்லுலயும் உன் கையெழுத்து இருக்கு. கேஸ்னு வந்தா மொதல் குற்றவாளி யாருன்னு நினைக்கிற?"

"தெரியும் மாமா. அதனாலதான் யாரும் மறுக்க முடியாது. நான் தெளிவா எழுதுவேன்னு நீங்களே எத்தனை தடவை பாராட்டியிருக்கீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகப் பயம் இருந்தது. எனக்கு அது இனித்தது. நல்ல குடும்பத்துப் பெண் இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் இனித்தது.

சோதனையை மாமாவின் கூடத்திலேயே, மாமாவின் மிஷினிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரியிடம் கேட்டது நான்தான். மிஷின் மேல் பழி போட முடியாதே. பத்து குடும்பமும் வந்து சுவரோரம் நின்றன. அரசாங்க வக்கீலும் வந்திருந்தார். வெளிநாட்டு வங்கி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் வராமல் இருக்க முடியவில்லை. ஒரு பக்கம் எங்கள் கியூப்புகள். மறுபக்கம், விழாமல் மிச்சமிருந்த ஆஸ்பத்திரி பீமிலிருந்து அதே அளவில் அறுத்தெடுத்த துண்டுகள். வேண்டிய பலம் ஐம்பத்தைந்து டன்.

விதிப்படி, முடிவைப் பதிவேட்டில் எழுத வேண்டியவர் கூடத்தின் பொறுப்பாளர். மாமாவிடம் பேனாவைக் கொடுத்தார்கள்.

முதல் கியூப்பை நான் ஏற்றினேன். முள் ஏறியது. நாற்பது, ஐம்பது, அறுபது. நல்ல கியூப் உடைவதற்கு முன்னால் ஒரு மாதிரி முனகும். எண்பத்திரண்டில் வெடித்தது, பக்கங்கள் உதிர்ந்து நடுவில் உடுக்கை மாதிரி நின்றது. "எண்பத்திரண்டு" என்று சத்தமாகச் சொன்னேன். மாமா எழுதினார். அடுத்து பீம் துண்டு. முள் புறப்பட்டதுதான் தெரியும். பத்தொன்பதில் பொதுக்கென்று உட்கார்ந்தது, சத்தம்கூட இல்லை. சுவரோரம் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"பத்தொன்பது, மாமா. எழுதுங்க."

மூன்று ஜோடி உடைத்ததும் அதிகாரி போதும் என்று கையைக் காட்டினார். அவருக்கு மீதி தேவையில்லை. எனக்குத் தேவை. எல்லாவற்றையும் உடைத்தால்தான் ஒரு நாள் கோர்ட்டில் யாரும் பொறுக்கி எடுத்ததாகச் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னேன். பாதி உண்மை. அவர் என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, இரண்டு கியூப்பை மட்டும் சீல் வைத்து எடுத்துக்கொண்டு, சம்மதித்துவிட்டார்.

மீதி முப்பத்தாறையும் உடைத்தேன். மத்தியானம் ஆகி, மூன்று மணி ஆகி, நாலரை ஆனது. அவசரமே படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தட்டைத் துடைத்து, நடுவில் வைத்து, நிதானமாக ஏற்றினேன். எழுபத்தொன்பது. எண்பத்தைந்து. எண்பது. நடுநடுவே பீம் துண்டு. இருபத்தொன்று. பதினேழு. ஒவ்வொன்றையும் மாமா எழுத வேண்டியிருந்தது. தன் கூடத்தில் ஒரு கியூப்கூடத் தோற்றதில்லை என்று முப்பது வருடம் பெருமை பேசிய மனிதர். அன்றும் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஜெயிக்க ஜெயிக்க அவர் எழுத்து கோணிக்கொண்டே போனது. இருபதாவது கியூப்பில் தண்ணீர் கேட்டார். யாரும் அசையவில்லை. முப்பதாவதில் என்னை நிமிர்ந்து பார்த்து, "போதும் பாப்பா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நான் அடுத்ததை ஏற்றினேன்.

அடுத்த நான்கு மாதத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனியைப் பத்து வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மற்ற வங்கிகளும் அதே வாரம் தள்ளிவைத்தன. வாத்தியாரின் நாட்டில் அதன் கணக்கை முடக்கி, பள்ளிக்கூடத்தை இடித்துக் கட்ட உத்தரவானது. அவர் ஒரு போட்டோ அனுப்பினார், அஸ்திவாரக் குழியில் நின்றுகொண்டு. பக்கத்தில் அச்சு, அதில் ஈரக் கியூப். சிரிக்கவில்லை, ஆனால் அனுப்பினார். இங்கே ஆஸ்பத்திரி கட்ட டெண்டர் கொடுத்த அதிகாரிகள் மூன்று பேரும் மாமாவும் கைதானார்கள். மாமி எங்கள் வாசலில் வந்து நின்று, உனக்கு நான் ஊட்டிய சோறு உன் வயிற்றில் கல்லாகட்டும் என்றாள்.  என் மேலும் வழக்கு. உண்மையைச் சொன்னதால் சலுகை உண்டு, விடுதலை இல்லை என்றார் வக்கீல். திங்கட்கிழமை காலை நான் ஆஜராக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை புது அறிக்கையின் நகல் கையில் கிடைத்தது. அத்தை தலைவாரி, வெளியே போகிற புடவையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"படி."

முப்பத்திரண்டு பக்கம். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். ஜல்லி, மணல், டன், தேதி, அவளுக்குப் புரியாததையெல்லாம் அசையாமல் கேட்டாள். முந்தைய அறிக்கை ரத்து செய்யப்படுகிறது என்ற பக்கத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னாள். பிறகு நகலை வாங்கி, எழுத்துத் தெரியாத விரலால் வரி வரியாகத் தடவினாள்.

"இதுல என் பிள்ளை பேரு எங்கயும் இல்லையே?"

"குற்றவாளின்னு எங்கயும் இல்லை அத்தை. இறந்தவங்க பட்டியல்ல மட்டும் இருக்கு."

அந்த இடத்தில் தன் விரலைப் பிடித்து வைக்கச் சொன்னாள். அப்புறம் நிமிர்ந்தாள். "இப்ப உன் பேரு இருக்கற எடத்தைப் படி."

இருபத்தாறாம் பக்கம். படித்தேன். போலிக் கியூப்புகளை வார்த்து, பொய்த் தேதி பொறித்தவர் என்று என் முழுப் பெயர்.

"சத்தமா."

சத்தமாகப் படித்தேன். நடுவில் ஒரு தரம் நின்று, மறுபடி தொடங்கினேன். அவள் தேற்றவில்லை. முடியும்வரை கேட்டுவிட்டு எழுந்து, அலமாரியைத் திறந்து, என் துணிகளில் கெட்டியான நான்கை எடுத்துக் கட்டிலில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள்.

"உனக்கு எத்தனை வருஷம்னு சொன்னாரு வக்கீலு?"

"ரெண்டு இருக்கலாம்னாரு."

"உங்க மாமனுக்கு?"

"பத்துக்குக் குறையாதாம்."

அவள் ஒரு சேலையை உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கைமடிப்பால் அழுத்தித் தேய்த்தாள்.

"அப்ப நீ முன்னாடியே வந்துடுவ. நல்லா சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்க. நானும் பார்த்துக்கறேன். அவன் வெளிய வர்ற அன்னிக்கு அந்த ஜெயில் கேட்டுல நாம ரெண்டு பேரும் நிக்கணும்."